நடுவரின் விரல் எதைத் தேடுகிறது?

சயாமியப் பூனை ஒன்று நடுவர் மேசைக்கு வருகிறது. கூட்டம் அதன் நீலக் கண்களில் சொக்கி நிற்க, நடுவரின் விரல்களோ வாலை அடியிலிருந்து நுனிவரை நீவிச் செல்கின்றன. வாலில் கோணல் வெளிப்படையாகத் தெரிந்தால் அந்தக் கண்களாலும் காப்பாற்ற முடியாது. பூனை தகுதி இழக்கும்.

உயர் இனப் பூனைப் போட்டியில் ஒவ்வோர் இனத்துக்கும் எழுதிவைத்த லட்சணம் உண்டு. அதை எந்தப் பூனை அதிகம் நெருங்குகிறது என்பதே கேள்வி. அமெரிக்காவில் 1906இல் தொடங்கிய சி.எஃப்.ஏ. அமைப்பு, இனத்துக்கு இனம் 100 மதிப்பெண்ணைப் பிரித்து வைத்திருக்கிறது. சயாமியத்துக்கு உடல் 30, நிறம் 30, தலை 20, கண்ணின் வடிவமும் அமைப்பும் 10, ரோமம் 10. பாரசீகப் பூனைக்குத் தலைக்கே 30. உரிமையாளர் மணிக்கணக்கில் குளிப்பாட்டிச் சீவிவிடும் அந்த நீண்ட ரோமத்துக்கு 10தான். முகம் சரியாக அமையாவிட்டால் சீப்பு கைகொடுக்காது.

ஒரே அரங்கில் பல ரிங்குகள், அதாவது தனித்தனிப் போட்டிகள், நடக்கும். ஒவ்வொரு ரிங்கிலும் ஒரு நடுவர். ஒருவர் தீர்ப்பு மற்றவரைக் கட்டுப்படுத்தாது. நடுவர் மேசையில் உட்கார்ந்து மதிப்பெண்களைக் கூட்டிக் கழிப்பதும் இல்லை. எதற்கு எடை அதிகம் என்பதை மனத்தில் வைத்து, எலும்பைத் தொட்டுப் பார்த்து, இறகை ஆட்டி விளையாட்டுக் காட்டி முடிவெடுக்கிறார். ஆகவே காலையில் வென்ற பூனை மதியம் வேறு ரிங்கில் தோற்பது சகஜம்.

இந்தத் தனிமனித ரசனைக்குப் பிரிட்டன் நல்ல கடிவாளம் போட்டிருக்கிறது. 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேர் பெரிய பூனைக் கண்காட்சியை நடத்தி, தானும் நடுவராக அமர்ந்த நாடு அது. அங்கே ஜி.சி.சி.எஃப். அமைப்பின் மரபுப்படி எல்லாக் கூண்டுகளிலும் வெள்ளை விரிப்புதான். யாருடைய பூனை என்ற அடையாளமே இருக்காது. உரிமையாளர்கள் விலகி நிற்க, நடுவர் கூண்டு கூண்டாகப் போவார். சாம்பியன் பட்டத்துக்கு வெவ்வேறு நடுவர்கள் மூவரின் சான்றிதழ் வேண்டும். பிரிவில் முதலிடம் பிடித்த பூனையானாலும், தரம் போதாது என்று பட்டால் நடுவர் சான்றிதழைத் தர மறுக்கலாம்.

மறுக்கும் அந்த அதிகாரம்தான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. நடுவர்கள் எதற்குப் பரிசு தருகிறார்களோ, அந்தத் திசையில்தான் அடுத்த தலைமுறைப் பூனைகள் பிறக்கின்றன. பாரசீகத்தின் முகம் தலைமுறைக்குத் தலைமுறை தட்டையானது அப்படித்தான். மூச்சுத் திணறல், ஓயாமல் வழியும் கண்ணீர், நெருக்கியடித்த பற்கள் என்று அதன் விலையைப் பூனைகள் கொடுத்தன. மூக்கின் மேல்விளிம்பு கண்ணின் கீழ்விளிம்பைத் தாண்டி ஏறக் கூடாது என்று ஜி.சி.சி.எஃப். வகுத்த விதி இங்கேதான் பொருள் பெறுகிறது. பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும், வாதத்துக்கு இடமில்லாத கோடு அது. எல்லா அமைப்புகளின் பாரசீக லட்சணத்திலும் அந்தக் கோடு இருக்க வேண்டும். அதைத் தாண்டிய முகம் எவ்வளவு புகழ்பெற்ற வீட்டிலிருந்து வந்தாலும், நடுவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டும்.