பெயர்ப்பலகைக்கு அப்பால்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். முடியவே இல்லை. பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, வடமாநிலத் தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகை, நடுவில் ஒரு சோளத்தட்டுப் போர், அதையொட்டி ஊராட்சியின் பெயர்ப்பலகை, மறுபடியும் கம்பெனி. சட்டப்படி அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது கிராமம்.

நகரத்துக்கு நம் அரசிடம் ஒரு கணக்கு உண்டு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டமே பெயர் சூட்டியவை போக, மற்ற ஊர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது. குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். ஆண்கள் மட்டும்தான். கணவர் மில்லுக்கும் மனைவி களையெடுக்கவும் போகிற வீட்டில், ஊரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது கணவரின் வேலை. பெண்களின் உழைப்பு கணக்கில் சரியாகப் பிடிபடுவதில்லை என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். பிடிபடாதது உழைப்பின் குற்றமா, கணக்கின் குற்றமா என்று யாரும் கேட்டபாடில்லை.

இப்படித் தேறிய ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ 2001இல் 1,362, 2011இல் 3,894. கேரளத்தில் மட்டும் 99 என்பது 461 ஆனது. அந்த மாநிலத்தின் நகர மக்கள் 26 விழுக்காட்டிலிருந்து 47.7 விழுக்காட்டுக்குத் தாவினார்கள். மூட்டை கட்டிக்கொண்டு எல்லோரும் கொச்சிக்குப் போய்விடவில்லை. பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், ஊருக்குத்தான் பெயர் மாறியது.

எல்லைக்கோட்டை நாட்டுக்கு நாடு வெவ்வேறு இடத்தில் போடுகிறார்கள். டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தாலே நகர்ப்புறம். ஜப்பானில் நகரம் என்ற தகுதி பெற 50,000 பேர் வேண்டும். இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட, உலகையே ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாக வகுத்து எண்ணும் முறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020இல் ஏற்றது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இயங்கிய ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். 200 மீட்டருக்கு மேல் இடைவெளி விழாமல் கட்டடங்கள் தொடர்ந்து, அதற்குள் 10,000 பேர் இருந்தால் அது நகரம். அங்கே நடப்பது ஊராட்சியா நகராட்சியா என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. என் பேருந்துப் பயணத்துக்கு மிக நெருக்கமான வரையறை இதுதான்.

தொல்லியலாளர்களுக்கு எண்ண ஆட்கள் கிடையாது, எச்சங்கள்தான். 1950இல் கோர்டன் சைல்ட் வகுத்த பத்து அடையாளங்கள் இன்றும் அவர்கள் கையில் உள்ள அளவுகோல்: எழுத்து, தொலைதூர வணிகம், முழுநேரக் கைவினைஞர், பிரம்மாண்டக் கட்டடம் என்று அந்தப் பட்டியல் நீளும். கீழடியை அதன் முன் வைத்துப் பாருங்கள். உறைகிணறும் செங்கல் கட்டுமானமும் சூதுபவள மணியும் பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்தும் இருக்கின்றன. வானளாவிய கோபுரமோ அரண்மனையோ இல்லை. மெசபொடேமியாவுக்குத் தைத்த சட்டை வைகைக்கரைக்குப் பொருந்தவில்லை என்றால், சட்டையைப் பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் கேட்ட கேள்வி இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. அவர் மறைந்தபின் 1921இல் வெளியான ‘நகரம்’ என்ற ஆய்வு, கோட்டை, சந்தை, நீதிமன்றம் இவற்றோடு, தம்மைத் தாமே ஆளும் குடிமக்கள் கூட்டையும் நகரத்துக்கு இலக்கணமாக்கியது. இந்தியாவில் சாதி குறுக்கே நின்றதால் அந்தக் கூட்டு உருவாகவில்லை என்பது அவர் முடிவு. வெபரைப் படிக்கிற தமிழருக்குச் சோழர் கல்வெட்டு நினைவுக்கு வரும். அவற்றில் ‘நகரம்’ பெரும்பாலும் இடத்தைக் குறிப்பதில்லை, வணிகர் சபையைக் குறிக்கிறது. நகரத்தார் கூடி முடிவெடுத்தார்கள், நிலம் வைத்திருந்தார்கள், கோயில் அறக்கட்டளைகளை நிர்வகித்தார்கள். வரலாற்றாய்வாளர்கள் கென்னத் ஹாலும் ஆர். சம்பகலட்சுமியும் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். வெபர் தோற்றார் என்று கைதட்ட நான் அவசரப்பட மாட்டேன். சபையில் உட்கார்ந்தவர்கள் வணிகர்கள். அவர்கள் சரக்கைச் சுமந்தவர்கள் அல்ல.

திருப்பூருக்கே திரும்புகிறேன். விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளிகளாக வந்த கவுண்டர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்பதை ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் ஒரு நூலாக எழுதினார். அதே 2004இல்தான், ஊரக நிதி கிடைக்கும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ‘சிறப்பு ஊராட்சி’களாக மாற்றப்பட்டன. 2006இல் மறுபடியும் பேரூராட்சிகளாயின. இரண்டு வருடத்தில் நகரம் கிராமமாகி மீண்டும் நகரமான இந்தக் கதைக்கு எந்தக் கோட்பாட்டு நூலிலும் ஓர் அத்தியாயம் இல்லை.

இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது: ஊராட்சிகளை நகராட்சிகளோடு இணைக்கிறார்கள். தங்கள் ஊராட்சியை இணைக்கக் கூடாது என்று ஊர்மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போடுகிறார்கள், மனு கொடுக்கிறார்கள், சாலையில் உட்காருகிறார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊரை நகரமா என்று சோதிக்கும் கணக்கு எண்ணாமல் விட்ட அதே பெண்கள்.