கிறிஸ்துமஸ் அடுப்பும் சாதிச் சான்றிதழும்

1

டிசம்பர் பிறந்தால் பெண்கள் பத்திரிகைகள் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் போடும். பல வருஷமாக அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு அட்டைப்பெட்டி நிறைந்துவிட்டது. எதைப் பிரித்தாலும் ஒரே வீடுதான் வருகிறது. அக்டோபரிலேயே திராட்சை, பேரீச்சை, செர்ரி எல்லாவற்றையும் ரம்மிலோ பழச்சாற்றிலோ ஊறப் போட்டுவிடும் அம்மா. ஜன்னலோரம் உட்கார்ந்து பேரனுக்குக் கம்பளித் தொப்பி பின்னும் பாட்டி. ஓவனைத் திறந்ததும் ஓடி வரும் குழந்தைகள். இலையுதிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைப்பது எப்படி என்றுகூட ஒரு இதழில் ஒரு பக்கம் இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. எங்களுக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துவதுதான் எங்கள் கிறிஸ்துமஸ் ஆயத்தத்தின் முதல் வேலை. 2015 டிசம்பர் முதல் தேதி வெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம். அதோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து வலையும் படகும் கறுத்துப்போனது. 2004இல் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் கடலே ஊருக்குள் வந்தது. மாவு நனையாமல் இருந்தால்தானே கேக்?

இந்தப் பக்கங்களைச் சமையல் குறிப்பு என்று சொல்லி நம் விமர்சகர்கள் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இவையும் பிரதிகள்தான். வீடு என்றால் எது, கிறிஸ்தவர் என்றால் யார், ஓய்வு யாருக்கு உண்டு என்று வருஷா வருஷம் சொல்லித் தரும் பிரதிகள். ஓவனும் ஜன்னலும் உள்ள கிறிஸ்தவருக்குச் சாதி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லித் தருகின்றன. அதனால்தான் இவற்றை எங்கள் வீட்டு அடுப்பின் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கிறேன்.

2

எங்க ஆயா ராயபுரத்தில் ரயில்வேயில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டில் வேலை செய்தது. மெட்ராஸ் பாஷையில் பாட்டியையும் ஆயா என்கிறோம், பிள்ளை வளர்க்கும் வேலைக்காரியையும் ஆயா என்கிறோம். எங்க ஆயா ரெண்டுமாகவும் இருந்தது. அந்த வீட்டில் கேக், கல்கலா, அச்சு முறுக்கு எல்லாவற்றுக்கும் மாவு பிசைந்தது ஆயாதான். அளவை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. கண்ணால் பார்த்து, கையால் நிதானம் பிடித்து, தம்ளர் கணக்கில் மனசில் வைத்துக்கொண்டது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எங்கள் குடும்பத்துக் கேக்குக்கு எழுத்தில் குறிப்பு இல்லை.

வீட்டில் ஓவனுக்கு எங்கே போவது? பழைய அலுமினிய அண்டாவில் ஆற்று மணலைக் கொட்டி, கிருஷ்ணாயில் ஸ்டவ்வில் ஏற்றி, மணல் சூடேறியதும் மாவு ஊற்றிய டப்பாவை உள்ளே இறக்கி மூடும். மூடியின் மேலே அடுப்புக்கரித் தணலைப் பரப்பும். மேலேயும் கீழேயும் சூடு இருந்தால்தான் நடுவில் வேகும். செர்ரிக்குப் பதில் சர்க்கரைப் பாகில் போட்ட பப்பாளிக்காய்த் துண்டு. நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றும். ரேஷன் கிருஷ்ணாயில் அந்த மாசம் வரவில்லை என்றால் அந்த வருஷம் கேக்கும் இல்லை. அதிரசம், முறுக்கோடு பண்டிகை முடிந்துவிடும்.

அம்மா காலத்தில் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கும் பழக்கம் வந்தது. மாவைக் குண்டானில் கரைத்துத் துணி மூடி எடுத்துக்கொண்டு போவோம். ராத்திரி ரொட்டி வேலை முடிந்த பிறகு, அந்தச் சூடு ஆறுவதற்குள் நம் மாவை ட்ரேயில் ஊற்றிச் சுட்டுத் தருவார்கள். கூலி கிலோ கணக்கு. ட்ரேயில் பேர் எழுதின சீட்டு வைப்பார்கள். பன்னிரண்டு வயசில் நான் அம்மாவோடு போய் நின்ற பேக்கரியில் பேரோடு இன்னொன்றும் கேட்டார்கள்: "எந்த லைன்?" அம்மா லைன் பேரைச் சொல்லிச்சு. எங்க ட்ரே கடைசிக்குப் போச்சு. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கேக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். எங்களோடது அடுப்பு ஆறின பிறகு உள்ளே போய், நடுவில் பச்சையாக வந்தது. அங்கே நின்றவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்தான். ஆயா அந்தக் கேக்கைக் கத்தியால் அறுத்துப் பார்த்துவிட்டு, "மாவுல இன்னாடி சாதி கீது? அவன் சூட்டுல வச்சிக்கீறான்" என்று மட்டும் சொன்னது.

நம் தோழர்கள் சிலர் கேக் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். வெள்ளைக்காரன் பண்டமாம், மேட்டிமை நகலாம். மாட்டுக்கறி நம்முடையது, பறை நம்முடையது. கேக் நம்முடையது இல்லையாம். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883இல் தலச்சேரியில் செய்தவர் என்று சொல்லப்படுபவர் மாம்பள்ளி பாப்பு. தீயர் சாதி, கேரளத்தில் அன்றைக்குத் தீண்டாமைக்கு ஆளான சாதி. மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் ஒரு கேக்கைக் கொண்டுவந்து காட்ட, அதைப் பார்த்து உள்ளூர்ச் சரக்கில் செய்தார் என்பது கதை. பார்த்துச் செய்தவரை நகல்காரர் என்பதா, தொழில்காரர் என்பதா? மாவு பிசைந்தது யார் கை என்று பார்க்காமல் யார் மேஜையில் வைத்தார்கள் என்று மட்டும் பார்த்தால், நாமும் எஜமான் பக்கத்தில் நின்றுதான் படிக்கிறோம்.

3

அடுத்து பின்னல். சிறப்பிதழ்களில் அது பொழுதுபோக்கு. தமிழ்ப் பெண்களில் ஒரு பகுதியினரின் கைக்கு ஊசிநூல் வந்த கதை அப்படிப்பட்டது இல்லை. 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அடிமைச் சாதிப் பெண்களும் அங்கே படித்தார்கள். லேஸ் விற்ற காசில் சிலர் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். மிஷன் அவர்களை நல்ல கிறிஸ்தவ மனைவிகளாக்கப் பார்த்தது. அவர்கள் அதைக் கூலியாக்கிக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

எங்க ஆயாவும் பின்னியது. வேலை செய்த வீட்டில் கொடுத்த மீதிக் கம்பளி நூலில், அந்த வீட்டுக் குழந்தைக்கே ஸ்வெட்டர். தண்டையார்பேட்டைப் புழுக்கத்தில் எங்களுக்கு ஸ்வெட்டர் எதற்கு? அம்மா பின்னியது வயர் கூடை. பச்சையும் வெள்ளையும் கலந்து போட்ட கூடைக்கு டிசம்பரில் கிராக்கி. பலகாரம் வைத்து அனுப்ப ஆள் ஆளுக்குக் கேட்பார்கள். கூடைக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனி வெடித்து, கோதுமை மாவு பிசையும்போது எரியும். அந்தக் காசில்தான் எங்களுக்குப் புதுத்துணி.

ஏன் என்றால் போனஸ் தீபாவளிக்கு வந்துவிடும். ஆலையில் நிரந்தர வேலையில் இருந்தவர்களுக்கே அந்தக் கணக்கு. 1965 சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று சொன்னாலும், காண்ட்ராக்டில் போன எங்க அப்பா மாதிரி ஆட்களுக்கு அதைக் கேட்க வாய் கிடையாது. தீபாவளிக்கு ஊரே வெடி வெடிக்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க முடியாது. அந்தக் கடன் அடைவதற்குள் கிறிஸ்துமஸ் வந்து நிற்கும். அதனால் ஜனவரியிலேயே பலகாரச் சீட்டு. மாசா மாசம் கட்டினால் டிசம்பரில் மைதா, டால்டா, சர்க்கரை, வெல்லம். சீட்டு பிடித்த அக்கா ஓடிப்போகாத வருஷம் எங்களுக்கு நல்ல வருஷம். பெட்டியில் உள்ள எந்தச் சிறப்பிதழிலும் சீட்டு இல்லை, கூலி இல்லை, வெடித்த விரல் இல்லை.

4

சபையில் டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்ட்ஸ். ராத்திரி கிட்டார், டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா என்று வீடு வீடாக வருவார்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்த சபையில் பெரிய தெரு வீடுகளுக்கு முதல் வாரமே முடிந்துவிடும். எங்க லைனுக்கு மட்டும் வண்டி வராது, மழைத்தண்ணி, நேரமாச்சு என்று காரணம். வந்த ஒரு வருஷம் வாசலிலேயே பாடி ஜெபித்துவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா தட்டில் கேக்கை அறுத்து வைத்துக்கொண்டு நின்றது. "இப்பதான்மா சாப்ட்டோம்" என்றார்கள். அடுத்த வீதியில் அவர்கள் சாப்பிட்டதை என் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், 1985இல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு விவரத்தைத்தான் கேட்டது. மெட்ராஸ் நடைபாதையில் செருப்பு தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அரசு செருப்பு தைப்பவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, சூசைக்கு இல்லை. 1950 ஜனாதிபதி ஆணை அப்படி. அந்த ஆணையில் 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். சூசையின் வழக்கு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் மட்டும் போதாது, அதே கொடுமை புதிய சமூகத்திலும் அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு விவரம் வேண்டும் என்றது தீர்ப்பு.

அந்த விவரம் எங்கே இருக்கிறது? பேக்கரி ட்ரே வரிசையில் இருக்கிறது. திரும்பி வந்த கேக் தட்டில் இருக்கிறது. அதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதப் பிரிவை நீக்கச் சொன்னது. அதை ஏற்காமல், 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பச்சை மாவைத் திருப்பிக் கொடுத்தவர் மீது எந்த மோசடியும் இல்லை.

எங்க லைனில் எத்தனையோ வீட்டில் ஸ்டாரை உள்ளே கட்டுகிறார்கள். மூங்கில் குச்சி வளைத்து, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு, எல்லாம் செய்துவிட்டு வாசலில் தொங்கவிடாமல் நடுவீட்டில். பிள்ளை காலேஜுக்கு மனுப் போட்டிருக்கும். யாராவது பார்த்துவிட்டு எழுதிப் போட்டால்? இலையுதிர்கால அலங்காரப் பக்கத்தில் இந்த ஸ்டாருக்கு என்ன பேர் வைப்பார்கள்?

5

நம் இலக்கியம் இதைத் தொடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மடத்துக்குள் இருந்த சாதியை பாமா 'கருக்கு'வில் 1992லேயே எழுதிவிட்டார். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. வேலைக்காக மதம் மாறவேண்டி வந்த தலித் கத்தோலிக்கனின் கதை. இரண்டும் தெற்கத்திக் கிராமத்தில் வேர் கொண்டவை. வடசென்னை என்று வந்தால் 'மெட்ராஸ்' படத்தின் சுவர், 'வட சென்னை'யின் கேரம் பலகை, 'சார்பட்டா பரம்பரை'யின் குத்துச்சண்டை மேடை. இவை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். எங்க ஆட்களைத் திரையில் பார்த்து விசில் அடித்தவள்தான் நானும். ஆனால் ஆம்பளைங்க கை முஷ்டி வரைக்கும் வந்த கேமரா, மணல் அண்டாவுக்குப் பக்கத்தில் இன்னும் உட்காரவில்லை. கத்தி பிடித்த கைதான் வடசென்னை என்று மற்றவர்கள் எழுதியதை, நாமும் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தலித் அழகியல் என்று பேசுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கலகம் தெருவில் மட்டும் நடப்பதில்லை. அளவு சொல்லித் தராத வீட்டிலிருந்து அளவைக் கொண்டுவந்து, மணலில் கேக் சுட்டது ஒரு கலகம். அதே சமயம், இருபத்துநாலாம் தேதி ராத்திரி வீட்டில் எல்லோரும் ஆராதனைக்குப் புறப்பட்ட பிறகும் அடுப்படியில் நின்றது எங்க அம்மாதான். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஆயா கேக்கைப் புகழ்ந்துவிட்டு ஆயாவின் முதுகுவலியை விட்டுவிட்டால், நாம் போடுவதும் இன்னொரு சிறப்பிதழ்தான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இந்த டிசம்பரில் உங்கள் வீட்டு ஆயாவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பேக்கரி வரிசை, யார் தட்டைத் தொட்டார்கள், யார் திருப்பினார்கள், ஸ்டார் எங்கே தொங்கியது, என்ன கூலி. வருஷம் போட்டு எழுதுங்கள். நீதிமன்றம் கேட்ட விவரம் இதுதான். ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது; அம்மாவிடம் நான் தொடங்கிவிட்டேன். எங்க வீட்டு ஸ்டார் இந்த வருஷமும் உள்ளேதான். தம்பி மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.