புதன்கிழமை மாலைக் கணக்கு

ஆரணியில் கோல்ஃப் ஆட இடம் இல்லை. அரிசி ஆலைக்கு இடம் இருக்கிறது, பாவு விரிக்கத் தெரு இருக்கிறது. பதினெட்டுக் குழிக்கு வேண்டிய புல்வெளிக்கு எங்கே போவது? ஆனாலும் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூரின் (பிஜிடிஐ) பரிசுப் பட்டியலைச் சில ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறேன். ஆட்டத்தின் மேல் உள்ள மோகத்தால் அல்ல. அதுவும் ஒரு கூலிக் கணக்கு என்பதால்தான்.

2006-இல் தொடங்கிய டூர் இது. பருவம் ஆண்டின் தொடக்கத்தில் கிளம்பி டிசம்பர் வரை ஊர் ஊராகச் சுற்றும். அகமதாபாத், சண்டிகர், கொல்கத்தா, விசாகப்பட்டினம், சென்னை. எண்ணெய்க் கிணற்று ஊரான திக்பாய்கூட உண்டு. பெரும்பாலும் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு சுற்று. சனி, ஞாயிறில் திடல் கிளப் உறுப்பினர்களுக்கு வேண்டுமே! சுமார் 126 பேர் களமிறங்குவார்கள். புதன் மாலை, இரண்டாவது சுற்று முடிந்ததும் ‘கட்’ விழும். முதல் 50 இடத்துக்காரர்களும் அவர்களோடு சம ஸ்கோரில் நிற்பவர்களும் மட்டும் மிஞ்சுவார்கள். மொத்தப் பரிசு 1 கோடி என்றால் வென்றவருக்கு 15 லட்சம். மிஞ்சியவர்கள் இடத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்வார்கள். மற்ற எழுபத்துச் சொச்சம் பேருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ரயில் டிக்கெட், அறை வாடகை, நுழைவுக் கட்டணம், பை தூக்கும் கேடியின் கூலி எல்லாம் சொந்தக் கைக்காசு.

இந்த முறைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்லும் முதல் காரணம் வலுவானது. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே தேர்வுக்குழு இல்லை, சிபாரிசு எடுபடாது, ஸ்கோர் அட்டைதான் பேசும். பெங்களூரு கேஜிஏ திடலில் கேடியாக இருந்த முனியப்பா, 2009-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். கோல்ஃப் வீரர் சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவர். மகன் 2008-இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் ஐரோப்பியர்களை ஓரங்கட்டினார். மத்தியப் பிரதேசத்து மௌ ஊரின் முகேஷ் குமார் 2016-இல், தன் 51-ஆவது வயதில், பானசோனிக் ஓப்பனைக் கைப்பற்றினார். பணக்காரர் விளையாட்டு என்று பெயரெடுத்த ஒன்றில், பை தூக்கியவனே பைக்குச் சொந்தக்காரன் ஆன கதைகள் இவை. கிரிக்கெட்டில்கூட இப்படி வாசல் திறந்ததா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தப் பெயர்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேடியாக இருந்து டூருக்கு வந்து, ரயில் செலவுக்குக் கடன் வாங்கி, கடனை அடைக்க முடியாமல் மறுபடியும் பை தூக்கப் போனவனின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

நெசவாளர்கள் வாழும் எங்கள் தெருவில் புடவை அறுத்து முடிந்ததும் முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கணக்குப்பிள்ளை அதை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். இழை அறுந்த இடம், கரை பிசகிய இடம், எண்ணெய்க் கறை என்று விரல் ஓடும். குறை இருந்தால் பிடித்தம் உண்டு. அநியாயப் பிடித்தமும் உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால், "பக்கத்து வீட்டுக்காரன் உன்னைவிட நன்றாக நெய்துவிட்டான், அதனால் உனக்குக் கூலியே இல்லை" என்று யாரும் சொன்னதில்லை. கட் அதைத்தான் சொல்கிறது. நந்தனம் காஸ்மோ திடலில் ஒரு புதன்கிழமை பார்த்தேன். கடைசிக் குழியில் ஓர் இளைஞனின் பந்து விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. அரை விரற்கடை இருக்கும். தொப்பியைக் கழற்றி உடன் ஆடியவனிடம் கை குலுக்கினான். கேடி ஈரத்துணியால் மட்டையைத் துடைத்துப் பைக்குள் செருகினான். இரண்டு நாள் உழைப்பு அதோடு சரி.

பருவத்தின் தரவரிசையும் பரிசுப் பணத்தை வைத்தே போடப்படுகிறது. 2024-இல் முதலிடம் பிடித்த வீர் அஹ்லாவத் ஒன்றரைக் கோடிக்கு மேல் சம்பாதித்தார். முதலிடத்துக்கு ஐரோப்பாவின் டிபி வேர்ல்ட் டூரில் ஆடும் வாய்ப்பும் சேர்ந்து வருகிறது. உச்சியில் இருப்பவருக்கு ஏணி நன்றாகவே போட்டிருக்கிறார்கள். கீழ்ப்படிதான் இல்லை. இரண்டு போட்டியில் கட் தவறினால் மூன்றாவதற்குப் போகலாமா என்று பணப்பையைத் தடவுகிறவனும், அப்பா காசில் விமானத்தில் வருகிறவனும் ஒரே புல்லில்தான் நிற்கிறார்கள். ஆனால் பந்தைக் குழிக்குள் உருட்டும் அந்தக் கடைசி அடியின்போது இருவருக்கும் கை ஒரே மாதிரி நடுங்காது.

வெளிநாட்டில் இதற்கு இரண்டு வைத்தியம் பார்த்தார்கள். சவூதிப் பணத்தில் 2022-இல் தொடங்கிய லிவ் கோல்ஃப் ‘கட்’ முறையையே எடுத்துவிட்டது. அந்த ஆண்டு கடைசியான 48-ஆவது இடத்துக்கும் 1,20,000 டாலர் கிடைத்தது. நம் அனிர்பன் லாஹிரியும் அங்கே போனார். தோற்றாலும் நிறைய உண்டு என்றால் பார்ப்பவனுக்கு என்ன பதைப்பு இருக்கும்? எனக்கு அது ரசிக்கவில்லை. அமெரிக்காவின் பிஜிஏ டூர் வேறு வழி எடுத்தது. முழுத் தகுதி பெற்றவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் உத்தரவாதம். புதியவர் அதை முன்கூட்டியே வாங்கிப் பரிசில் கழித்துக்கொள்ளலாம். 15 போட்டி ஆடியாக வேண்டும். ஆரணிக்காரனுக்கு இது புதிதல்ல. இதன் பெயர் முன்பணம். வாங்கியவன் தறியை விட்டு நகர முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அதே பிஜிஏ டூர் செய்த சின்ன ஏற்பாடு ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. தகுதியில் கீழே இருப்பவர் கட் தவறினால், வழிச்செலவுக்கு 5,000 டாலர். இங்கே அவ்வளவு வேண்டாம். 76 பேருக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் என்றால் 7 லட்சத்து 60 ஆயிரம். வென்றவர் வாங்குவதில் பாதி. முழுவதையும் அவரிடமிருந்தே எடுக்க வேண்டியதில்லை; முதல் பத்து இடங்களில் பரவலாகக் கிள்ளினால் போதும். பத்தாவது இடத்துக்காரர் கொஞ்சம் முணுமுணுப்பார். அவரும் போன மாதம் ஒரு புதன்கிழமை வெறுங்கையோடு ரயில் ஏறியவராகத்தான் இருப்பார்.