குற்றாலத்துச் செடிகளும் ஓவியரின் பெயரும்

சித்திர சபையால் புகழ்பெற்ற ஊர் குற்றாலம். அவ்வூரின் மலைச் செடிகளும் சித்திரங்களாகி உலக அறிஞரின் மேசையை அடைந்த வரலாறு நம்மிடையே போதிய கவனம் பெறவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ராபர்ட் வைட் (1796–1872), 1830களின் நடுப்பகுதியில் பாளையங்கோட்டையில் பணியாற்றியபோது குற்றால மலைகளில் செடிகளைத் திரட்டினார். அவற்றைப் பற்றிச் சென்னை ஆய்விதழொன்றில் எழுதவும் செய்தார். 1838 முதல் 1853 வரை சென்னையில் அவர் வெளியிட்ட ‘இக்கோனஸ் பிளான்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்’ என்னும் பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றுட் சிலவற்றின் செடிகள் குற்றாலத்தில் கிடைத்தவை என்று நூலே குறிக்கிறது.

இந்நூலுக்கு வரைந்தவர்களில் தலையாயவர்கள் ரங்கையாவும் அவருக்குப் பின் வந்த கோவிந்துவும் ஆவர். ஏட்டின் நடுவே இலையும் பூவுமாக ஒரு கிளை. அதன் அடியில் பிளந்து காட்டிய பூ, மகரந்தத்தாள், சூற்பை. இத்தகைய படத்தை வரைவதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. எதை விரித்துக் காட்டுவது, எதை விலக்குவது என்று தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வு அறிவின் செயலாகும். ஆகவே இவ்வோவியர்களை வெறும் ஏவலாளர் எனக் கருதுவது பொருந்தாது என்பது நம் முடிபு.

குறைகளும் இல்லாமலில்லை. அரபுத்தமிழ் நூல்களால் நமக்கு அறிமுகமான கல்லச்சு முறையிலேயே இப்படங்கள் அச்சாயின. மூலச் சித்திரங்களின் வண்ணம் இதில் இல்லை. இலையின் தடிப்பும் மெருகும் மங்கிவிட்டன. முகலாய மலரோவியங்களில் பூவைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சியையும் தும்பியையும் காண்கிறோம். வைட்டின் ஏடுகளிலோ செடி வெள்ளைத் தாளில் தனித்து நிற்கிறது. பாறையில்லை, சாரலில்லை, பூச்சியுமில்லை. இனத்தைப் பிரித்தறிய இத்தனிமை உதவிற்று. ஆனால் செடி வாழ்ந்த இடம் படத்திலிருந்து மறைந்துபோயிற்று.

காஷ்மீர மலர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வரைந்த மன்சூரைப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் பெயர் சொல்லிப் பதிவு செய்தார். ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது காலத்தின் அரியவர், என்னும் பட்டமும் அளித்தார். வைட்டும் இதில் முற்றிலும் தவறியவரல்லர். பல படங்களின் கீழே ஓவியரின் பெயர் சிற்றெழுத்தில் உள்ளது. 1853இல் ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் ‘கோவிந்தூயியா’ என்றே அவர் பெயரிட்டார். பிற்காலத் தாவரவியலார் அதை ‘டிராபிடியா’ பேரினத்துள் சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் வழக்கொழிந்தது.

எடின்பரோ தாவரப் பூங்காவின் ஆய்வாளர் ஹென்றி நால்ட்டி 2007இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ரங்கையாவும் கோவிந்துவும் வைட்டுடன் ஒருங்கே இடம்பெற்றனர். நம் மலையின் செடிகளை உலகுக்குக் காட்டிய கைகளை அங்குள்ளோர் பெயரிட்டுப் போற்றுகின்றனர். தமிழில் தாவரவியல் வரலாறு எழுதுவோரும் இப்படங்களை ‘வைட்டின் படங்கள்’ என்று மட்டும் சொல்லி அமைதல் தகாது. ஏட்டின் அடியிலுள்ள அச்சிற்றெழுத்தையும் சேர்த்துப் படிப்பதே ஆய்வு நேர்மைக்கு அழகாகும்.