சோள மூட்டைக்குள் துப்பாக்கி

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின்கீழ் போரிட்ட பிலிப்பைன்ஸ் வீரர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். அவர்களுக்கு வாக்களித்த சலுகைகளை 1946இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் பறித்தது. 2009இல்தான், உயிரோடிருந்த கிழவர்களுக்கு ஒரு தொகை கிடைத்தது: அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000. 'கிழவர்கள்' என்றுதான் எனக்கும் கை எழுதுகிறது. மறக்கப்பட்ட வீரர் என்றாலே ஓர் ஆண் முகம்.

மரியா ரோசா ஹென்சனின் தன்வரலாற்றை இந்த இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பேன். ஜப்பானிய ராணுவம் தன்னைப் பாலியல் அடிமையாக வைத்திருந்ததை 1992இல் வெளியே சொன்ன முதல் பிலிப்பைன்ஸ் பெண் அவர். அப்படித்தான் அவரை அறிகிறோம். ஆனால் அவர் பிடிபட்டது எப்படி?

1942இல், பதினான்கு வயதில், ஜப்பானியச் சிப்பாய்கள் அவரை வன்புணர்ந்தார்கள். பிறகு அவர் ஹுக்பலஹாப் என்ற விவசாயிகளின் கெரில்லாப் படையில் சேர்ந்தார். அமெரிக்கத் தளபதிகளுக்குக் கட்டுப்படாத படை அது. அதன் பெரும்பாலோருக்குப் போருக்குப் பிறகும் அங்கீகாரம் கிட்டவில்லை. ரோசா உணவும் மருந்தும் திரட்டினார், செய்தி கொண்டுபோனார். 1943 ஏப்ரலில் ஆஞ்சலஸ் நகரச் சோதனைச் சாவடியை ஒரு மாட்டுவண்டி கடந்தது. சோள மூட்டைகளுக்குள் ஆயுதங்கள். காவலன் ரோசாவை மட்டும் திரும்பக் கூப்பிட்டான். வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்படி தோழர்களுக்குச் சைகை காட்டிவிட்டு அவர் தனியாக நடந்து திரும்பினார். ஆயுதங்கள் தப்பின. ஒன்பது மாதச் சிறை அங்கே தொடங்கியது.

இதே செயலை ஓர் ஆண் செய்திருந்தால் அதற்குப் பெயர் வீரம். சிறைக்குள்ளும் அவர் சும்மா இருக்கவில்லை. தன் ஊரான பம்பாங்கை எரிக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், வழியில் போன முதியவர் ஒருவரிடம் தகவல் சொல்லி அனுப்பினார். ஜப்பானியர் போனபோது ஊர் காலி. அதற்காகச் சித்திரவதைப்பட்டார். 1944 ஜனவரியில் அவரை மீட்டதும் ஹுக்குகள்தாம்.

இனி அட்டையைப் பாருங்கள். 1996இல் மணிலாவில் வந்த முதல் பதிப்பின் தலைப்பு அவரை 'ஆறுதல் பெண்', 'விதியின் அடிமை' என்கிறது. சாவடியில் திரும்பி நடந்தவளுக்கு விதி என்ன செய்யும்? அவர் இறந்த பிறகு, 1999இல் அமெரிக்காவில் வந்த பதிப்பின் துணைத்தலைப்பு இன்னும் மோசம். அதில் 'விபச்சாரம்' என்ற சொல்லே இருக்கிறது. இரண்டு அட்டையிலும் கெரில்லா என்ற சொல் இல்லை. உள்ளே, அவர் கைப்பட வரைந்த படங்களுக்கு நடுவே, அந்த வண்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.