சத்திரத்தில் இடமில்லை

லீனா மணிமேகலை இயக்கிய 'இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்?' (2017) எனும் ஆவணப்படம் கேட்பது மிகச் சிறியதே: சென்னையில் வாடகைக்கு ஒரு வீடு. தேடுவோர் லிவிங் ஸ்மைல் வித்யா, கிளாடி எனும் இரு திருநங்கையர், நாடகக் கலைஞர்கள். பாலின அடையாளத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது. சட்டம் திறந்த கதவை வீட்டு உரிமையாளர்கள் அடைக்கின்றனர்.

நம் வணிகத் திரைப்படங்கள் திருநங்கையரை நகைப்புக்கு நிறுத்தின. இப்படம் அவர்களைக் குடியிருக்க வந்தவர்களாகக் காட்டுகிறது. தன்னை அறிந்த பயணத்தை வித்யா 'நான், சரவணன் வித்யா' (2007) நூலில் முன்னரே எழுதிவிட்டார். படம் அடுத்த வினாவை எழுப்புகிறது: தன்னை அறிந்தவர் எங்கே குடியிருப்பது?

பாரி ஜென்கின்சின் அமெரிக்கப் படமான 'மூன்லைட்' (2016) இதற்கு நல்ல விளக்கவுரை. மயாமி நகரின் கறுப்பினச் சிறுவன் ஷைரோன், பிறர் தன்னை இழித்துரைக்கும் சொல்லின் பொருளை ஓர் உணவு மேசையில் அமர்ந்து கேட்கிறான். கடிந்துகொள்ளாமல் விடை சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். அது போதைப்பொருள் விற்பவரின் வீடு என்பது நம்மை உறுத்த வேண்டும்.

நம் அண்டையிலுள்ள கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கையர் திரள்கின்றனர். விழா முடிந்து எங்கே திரும்புகின்றனர் என நாம் கேட்பதில்லை. இடறலுக்கு இடமில்லாச் சூழலில் அவர்களும் பிறரைப் போலவே திருமுழுக்குப் பெறலாம் என வத்திக்கான் 2023 இல் விளக்கியது. திருமுழுக்கில் இடமளிக்கும் இறைமக்கள் தெருவில் இடம் மறுக்கலாமா? பெத்லகேமில் இடமின்றி நின்றவர்களை ஆண்டுதோறும் குடில் கட்டி வணங்குகிறோம். வாடகைக்கு வீடு கேட்டு வருபவர் முன் அவ்வணக்கம் சோதிக்கப்படுகிறது.