இருட்டுக்கென்றே செய்த கண்ணாடி

குறைந்த வெளிச்சத்தில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: புது லென்ஸுக்குக் காசு சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேனான் 1979இல் கொண்டுவந்த நியூ எஃப்.டி. 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸைத் தேடிப் பிடியுங்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் வயதான பொருள். ஆட்டோஃபோகஸ் கிடையாது, கேமராவோடு பேசும் மின்முனை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் இரவில் அது காட்டும் உலகத்தைப் பார்த்துவிட்டால் வேறு லென்ஸை மாட்ட மனம் வராது. எனக்கு வரவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை 235 கிராம். முன்னால் 52 மி.மீ. ஃபில்டர் மாட்டலாம், 45 செ.மீ. வரை நெருங்கலாம். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது ஒரு சீரான எதிர்ப்பு விரலில் தெரியும், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல. இன்றைய லென்ஸ்களில் பெரும்பாலும் வளையத்துக்குக் கீழே ஒரு மோட்டார்தான் இருக்கிறது. நாம் திருப்புவது அதற்கு ஒரு வேண்டுகோள். இதிலோ நம் விரல்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. அந்த உணர்வு கைக்குப் பழகியபின் விட முடியாது.

இவ்வளவு அகலமாகத் திறக்கும் லென்ஸ் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது எப்படி என்று பலர் சந்தேகத்தோடு கேட்பார்கள். காரணம் ஃபிலிமில் இருக்கிறது. எழுபதுகளில் பலரும் பயன்படுத்திய கோடாக்ரோம் வண்ண ஃபிலிமின் வேகம் 25 அல்லது 64தான். கறுப்பு-வெள்ளையில் ட்ரை-எக்ஸ் 400 என்றால் அது வேகமான ஃபிலிம். இன்று கேமராவில் ஒரு சக்கரத்தைத் திருப்பி 6400 வைக்கிறோம். அன்று அந்த வசதி இல்லை. ஆகவே வெளிச்சத்தை அள்ளிக் கொண்டுவரும் பொறுப்பு முழுக்க லென்ஸின் தலையில் விழுந்தது. வியூஃபைண்டரில் பிரகாசமாகத் தெரியவும் அகலமான லென்ஸே தேவைப்பட்டது. அதனால் கேமராவோடு சேர்த்து விற்ற 50 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் எஃப்/1.8, எஃப்/1.4 என்று வந்தன. இந்த நியூ எஃப்.டி.யில் ஏழு கண்ணாடிகள், ஆறு தொகுதிகள். ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896இல் உருவாக்கிய பிளானர் லென்ஸின் வழியில் வந்த இரட்டை காஸ் அமைப்பு அது. ஜப்பானிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு இந்த வகையை மெருகேற்றி ஏராளமாகச் செய்து தள்ளின. அருமையான சரக்கு, எண்ணிக்கையும் அதிகம்.

அப்புறம் எஃப்.டி.க்கு நேர்ந்த ஒரு கதை உண்டு. 1971இல் எஃப்-1 கேமராவோடு அறிமுகமான இந்த மவுன்ட்டை, 1987இல் ஈ.ஓ.எஸ். வந்ததும் கேனானே கைவிட்டது. லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து ஃபிலிமுக்கு உள்ள தூரம் எஃப்.டி.யில் 42 மி.மீ.; புதிய இ.எஃப். மவுன்ட்டில் 44 மி.மீ. இந்த இரண்டு மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. புது கேமராவில் பழைய லென்ஸை மாட்டினால் தொலைவில் இருப்பது எதுவும் கூர்மையாக விழாது. நடுவே ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் விழும், ஆனால் படத்தின் அழகு போய்விடும். அதனால் எத்தனையோ நல்ல லென்ஸ்கள் அலமாரியில் தூங்கின. 2008இல் மிரர்லெஸ் கேமரா வந்தது. 2013இல் சோனி ஏ7 வந்தபோது முழு அளவு சென்ஸாரும் சேர்ந்துகொண்டது. சோனியில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. மீதி 24 மி.மீ.க்கு ஒரு வெற்று உலோக வளையம் போதும், உள்ளே கண்ணாடியே வேண்டாம். நிக்கான் இஸட், கேனான் ஆர்.எஃப்., ஃப்யூஜி எக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். தூங்கிய லென்ஸ்கள் எழுந்துவிட்டன, விலை மட்டும் இன்னும் முழுதாக எழவில்லை. எனக்கு அடாப்டரும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இனி வெளிச்சக் கணக்கு. கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ் 50 மி.மீ.க்கு வரும்போது பெரும்பாலும் எஃப்/5.6 ஆகிவிடும். எஃப்/1.4 அதைவிடப் பதினாறு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். பதினாறு மடங்கு! ஐ.எஸ்.ஓ. 25,600இல் குருணை குருணையாகத் தெரியும் படம் 1600இல் சுத்தமாக விழுகிறது, அதே ஷட்டர் வேகத்தில். எந்தப் புது கேமரா உடலும் ஒரே தாவலில் இந்த லாபத்தைத் தராது. அதனால்தான் கேமராவை மாற்ற நினைப்பவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் லென்ஸை மாற்றுங்கள் என்கிறேன்.

அப்படியானால் எஃப்/1.2 இன்னும் நல்லதுதானே என்பீர்கள். அதில் கூடுதலாகக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வெளிச்சம். விலையோ சில மடங்கு. எஃப்/1.8 இன்னும் மலிவு, நல்ல லென்ஸும்கூட. ஆனால் எஃப்/1.4 அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஒளி தருகிறது, விலை வித்தியாசமும் தாங்கக்கூடியது. கண்ணாடிப் பூச்சிலும் வேறுபாடு உண்டு: கேனானின் உயர்ந்த எஸ்.எஸ்.சி. பூச்சு 1.4இல் இருக்கிறது, 1.8இல் இல்லை. எதிரே விளக்கு எரியும் இடங்களில் அது கண்கூடாகத் தெரியும். என் தீர்ப்பு 1.4தான், யோசிக்கவே வேண்டாம்.

இதன் முழு அருமையும் எனக்குப் பிடிபட்டது தெருக்கூத்து ஒப்பனைக் கொட்டகையில். கூத்து விடிய விடிய நடக்கும், ஆனால் நான் முதலில் ஓடுவது மேடைக்குப் பின்னால்தான். ஓலையோ தகரமோ போட்ட சின்ன இடம். மேலே ஒரே ஒரு பல்பு. அதன் கீழே கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்தபடி நடிகர் ஒருவர் தானே முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொள்வார். நெற்றியில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழும். பக்கத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் முறை பார்த்துக் காத்திருக்கும். அங்கே ஃப்ளாஷ் அடிப்பது பாவம். அந்தப் பல்பின் மஞ்சள் வெளிச்சம்தான் அந்த இடத்தின் உயிர்.

எஃப்/1.4, ஷட்டர் அறுபதில் ஒன்று, ஐ.எஸ்.ஓ. 1600. அவ்வளவே. பின்திரையில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அரிதாரத்தின் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. வேர்வை முத்து தனியாக மின்னியது. அவர் கண் மட்டும் ஊசிமுனைபோலத் தெளிய, பின்னாலிருந்த ஜிகினாக் கிரீடங்கள் உருகிப் பொன்வட்டங்களாகக் கலைந்து கிடந்தன.

“என்ன தம்பி, லைட் அடிக்காம எடுக்குறீங்க? விழுமா?” என்றார்.

“விழும்ங்கய்யா, பாருங்க” என்று திரையைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், “இதுல நான் இன்னும் கர்ணன் ஆகல, பாதிதான் ஆயிருக்கேன்” என்றார். அதைத்தான் எடுக்க வந்தேன்! பாதி மனிதர், பாதி கர்ணன். அந்த நொடியைக் கலைக்காமல் எடுக்க உதவிய லென்ஸை எப்படிக் கொண்டாடாமல் இருப்பது?

முழுதாகத் திறந்த நிலையில் இதன் படத்தில் ஒரு மெல்லிய மினுமினுப்பு படரும். வெளிச்சத்தின் ஓரங்களில் பால்போன்ற ஒளிவட்டம் தெரியும், விளிம்பில் கொஞ்சம் ஊதா நிறமும் கசியலாம். சிலர் இதைக் குறை என்பார்கள். இரவுப் படத்துக்கு இது அலங்காரம் என்பது என் கட்சி; தோலுக்கும் துணிக்கும் அது தரும் மென்மையை எந்த மென்பொருளாலும் இவ்வளவு இயல்பாகக் கொடுக்க முடியாது. கூர்மை வேண்டுமா, எஃப்/2க்குத் திருப்புங்கள், நடுப்பகுதி பளிச்சென்று நிமிரும். எஃப்/2.8இல் இன்றைய லென்ஸோடு தோளுரசி நிற்கும். ஒரு லென்ஸுக்குள் இரண்டு லென்ஸ். எட்டு இலை அப்பெர்ச்சர், அதனால் கொஞ்சம் மூடினால் தூரத்து விளக்குகள் எண்கோணமாகும். முழுதாகத் திறந்தால் நடுவில் உருண்டை, ஓரத்தில் எலுமிச்சை வடிவம்.

கையால் ஃபோகஸ் செய்வது கஷ்டம் என்று பயப்படுகிறவர்களுக்கு: இருட்டில் ஆட்டோஃபோகஸ்தான் முன்னும் பின்னும் தேடித் திணறும். கண்ணுக்கு அந்தக் குழப்பமில்லை. மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் பீக்கிங் வைத்தால் கூர்மையான இடம் நிறக்கோடாக மின்னும். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிமையையே எண்ணலாம். எஃப்/1.4இல் இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மை விழும் ஆழம் சுமார் 13 செ.மீ., மூக்கிலிருந்து காதுவரை என்று வையுங்கள். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் மூன்று செ.மீ. சொச்சம்தான். மூன்று மீட்டரில் அது 30 செ.மீ. ஆகிவிடும். ஆகவே நடிகர் சுழன்று ஆடும்போது வளையத்தோடு துரத்த மாட்டேன். அவர் திரும்பி நிற்கப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக் காத்திருப்பேன். மத்தளம் எங்கே நிற்கும் என்று காது சொல்லும், விரல் அழுத்தும். அந்தச் சந்தோஷம் தனி.

கேமராவில் செய்ய வேண்டியது அதிகமில்லை. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுங்கள். கேமரா உடலில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் 50 மி.மீ. என்று கையால் குறித்துவிடுங்கள். பழைய லென்ஸும் அதோடு நடுங்காத லென்ஸாகிவிடும். அப்பெர்ச்சர் வளையத்தை ‘ஏ’ குறியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் நம் ஊருக்கு முக்கியம் பூஞ்சை. கடலோர ஈரமும் வெயிலும் சேர்ந்த இடத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல அது படரும். கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நூலிழை, பனிமூட்டம் எது தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிடுங்கள். நாலைந்து தூசு கிடந்தால் கவலையே படாதீர்கள், படத்தில் வராது. முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலும் பெரிதாகத் தெரியாது, விலை பேச உதவும். இலைகளில் எண்ணெய் பளபளக்கக் கூடாது. ஒரு நுணுக்கம்: எஃப்.டி. லென்ஸைக் கழற்றி வைத்த நிலையில் வளையத்தைத் திருப்பினால் இலைகள் அசையாமல் இருக்கலாம். பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மவுன்ட்டில் பூட்டினால்தான் அவை இயங்கும். அடாப்டரைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள், தோல் பைக்குள் மட்டும் வேண்டாம்.

கேனானின் பழைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு மில்லிமீட்டர் குறுக்கே நிற்கும். அவர்களுக்கு நான் சொல்வது அசாஹி பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4. அதன் எம்42 திருகு மவுன்ட்டுக்குத் தூரம் 45.46 மி.மீ., இடம் தாராளம். அதன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்திருப்பதால் காலப்போக்கில் மஞ்சள் ஏறும். புறஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் இறங்கிவிடும். அதுவும் தங்கமான லென்ஸ். மிரர்லெஸ் இருந்தால் மட்டும் எஃப்.டி.யைத் தாண்டி யோசிக்காதீர்கள்.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சித்தப்பாவும் மாமாவும் கொண்டுவந்த கேனான் ஏஇ-1 ஃபிலிம் கேமராக்கள் இன்னும் எத்தனையோ வீட்டு பீரோக்களில் கிடக்கின்றன. மூடப்போகும் ஸ்டூடியோக்களிலும் இருக்கும். கேட்டுப் பாருங்கள். முன்வளையத்தில் ‘கேனான் லென்ஸ் எஃப்.டி. 50 மி.மீ. 1:1.4’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்து, டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியும் தெளிவாக இருந்தால், அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.